ஒரு கண்ணில் மட்டும் சாயங்காலம்

வார்டு ஆயா வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். முப்பத்தொரு வருஷம் அந்த வேலையைப் பார்த்தவள் நான். மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். எழுத்தைக் கூட்டித்தான் படிப்பேன், எழுதுவதும் அப்படித்தான். ஒரு பக்கம் முடிய ஒரு நாள் போய்விடுகிறது. போகட்டும். சமைத்து வைத்துவிட்டு எனக்காகக் காத்திருப்பவர்கள் வீட்டில் யாரும் இல்லை.

கட்டில் துடைப்பது, பெட்பேன் வைப்பது, ரத்தத் துணி அலசுவது எல்லாம் பத்து நாளில் கை பழகிவிடும். அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பார்த்ததை யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது, எதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வது என்பது மட்டும் சீக்கிரம் பழகாது. அதில் நான் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலும் சொல்லக் கூடாததைச் சொல்லியும் ஒரே நாளில் கெடுத்தேன். அந்த நாளைத்தான் எழுதப்போகிறேன்.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதமாட்டேன். தர்மபுரி மாவட்டத்தில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரி. வருஷம் எண்பத்தைந்தோ எண்பத்தாறோ. என் வீட்டுக்காரர் வேலை தேடி பெங்களூர் போய், கடிதமும் நின்று, ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தேன். வார்டுதான் எனக்கு ஊர்.

பருத்திக் காலத்தில் எங்கள் வார்டில் பூச்சிமருந்து கேஸ் இல்லாத வாரம் கிடையாது. மருந்தடிக்கும்போது மயங்கி விழுந்தவர்கள் பாதி. வீட்டில் சண்டை போட்டுவிட்டுக் குடித்தவர்கள் பாதி. பகலில் ஒரு டாக்டர், இரண்டு வார்டுக்கும் சேர்த்து ஒரு சிஸ்டர். டாக்டருக்கு இருபத்தாறு வயது இருக்கும், எனக்கு நாற்பது. வந்த புதிதில் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஆயாம்மா, எழுதத் தெரியுமா?"

"கையெழுத்துப் போடுவேன் சார்."

"கண்ணு நல்லாத் தெரியுமா?"

"ஊசியில நூல் கோப்பேன்."

"அது போதும்" என்று ஒரு சின்ன டார்ச்சை என் கையில் கொடுத்தார்.

கருவிழிக்கு நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறதே, அதைப் பார்க்கத்தான் டார்ச். பூச்சிமருந்து உடம்பில் ஏறினால் அது சுருங்கிக் கடுகு அளவுக்கு வந்துவிடும். டாக்டர் போடும் ஊசி வேலை செய்தால் விரியும். மிளகு அளவுக்கு வந்தால் போதும். கொண்டைக்கடலை அளவுக்குப் போய்விட்டால் ஊசி அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். அக்குளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஈரமாக இருந்தால் விஷம் இன்னும் ஆடுகிறது, காய்ந்திருந்தால் ஊசி பிடித்துவிட்டது. கால்மணிக்கு ஒரு தடவை நான் பார்த்து, "மூணாம் கட்டில் கடுகு" என்று குரல் கொடுப்பேன். சிஸ்டர் சீட்டில் எழுதிக்கொள்வார்.

ஏன் அப்படி ஆகிறது என்று ஒரு நாள் கேட்டேன். ஆயா கேட்கிறாளே என்று அவர் சிரிக்கவில்லை. அவர் அறை வாசலில் கரண்ட் மணி ஒன்று இருக்கும். அடுத்த ஆளை உள்ளே கூப்பிட மேசையிலிருந்து சுவிட்சை அழுத்துவார். அதைக் காட்டினார்.

"மூளை சொல்றத நரம்பு கொண்டுபோயி சதைகிட்ட சொல்லும். எப்படிச் சொல்லும்? இப்படி ஒரு அழுத்து. மணி அடிக்கும். விரலை எடுத்தா நின்னுடும். நின்னாத்தான் அடுத்த சேதிய சொல்ல முடியும். இந்த மருந்து உள்ள போனா சுவிட்சு அப்படியே ஒட்டிக்கும். மணி நிக்காது."

"காது வலிக்குமே சார்."

"உள்ள அதான் நடக்குது. எச்சில் நிக்காது, வேர்வை நிக்காது. நெஞ்சுல சளி கோத்துக்கிட்டே போகும், சதை துடிச்சுக்கிட்டே கெடக்கும்."

"அப்ப ஊசி போட்டா மணி நின்னுடுமா?"

"நிக்காது. ஊசிங்கறது காதுல வெக்கிற பஞ்சு. மணி அடிச்சாலும் ஒடம்புக்குக் கேக்காது. அதுக்குள்ள ஒடம்பே சுவிட்ச ரிப்பேர் பண்ணிக்கும். அதுவரைக்கும் பஞ்சு விழாமப் பாத்துக்கணும்."

"பஞ்சு அதிகமாயிட்டா?"

"காது கேக்காத ஆளு தனக்குத்தானே பேசிக்குவான் இல்ல? மூளையும் அப்படிப் பேச ஆரம்பிச்சுடும்."

அந்த ஊசியின் பெயர் அட்ரோபின். எனக்கு வாயில் வர ஒரு மாதம் ஆயிற்று. வந்த பிறகு, வார்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் நான்தான் விளக்கம் சொல்வேன். டார்ச் மடியில் இருந்தால் பாதி டாக்டர் என்று நினைப்பு. அந்த நினைப்போடு இருந்தபோதுதான் பச்சியம்மா வந்தாள். அது அவளுடைய நிஜப் பெயர் இல்லை.

மாசி மாதம், காலை பத்து மணி. பாப்பிரெட்டிப்பட்டிக்கு அப்பால் சித்தேரி மலையடிவாரத்துக் கிராமம். அம்மாவும் சித்தப்பாவும் ஒரு வேனில் போட்டுக் கொண்டுவந்தார்கள். பத்தொன்பது வயது. வாயில் நுரை, உடம்பெல்லாம் தொப்பலாக நனைந்த வேர்வை, தொடையில் சதை எறும்பு ஊர்கிற மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. கண்ணில் டார்ச் அடித்தேன். கடுகு. பூச்சிமருந்து வாடை அவள் புடவையில், ரவிக்கையில், எங்கே முகர்ந்தாலும் இருந்தது. பத்து நாளில் அவளுக்குக் கல்யாணம் என்று சித்தப்பா சொன்னார்.

"குடிச்சாளா?" என்று டாக்டர் கேட்டார்.

அம்மா தலையை ஆட்டி இல்லை என்றாள். அழுகையில் வேறு பேச்சு வரவில்லை. டாக்டருக்கு நிற்க நேரமில்லை. ஊசி போட்டார், மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார். கழுவிய தண்ணீர் நிறைந்த பேசினை நான்தான் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டினேன்.

வெளியே நல்ல காற்று. பேசினைக் கவிழ்க்கும்போது அந்த வாடை வரவில்லை. புளித்த கூழ் வாடைதான் வந்தது. அந்த வேலையில் எத்தனையோ பேசின் கவிழ்த்தவள் நான். குடித்த கேஸ் என்றால் வாசனை மூக்கைப் பிடுங்கும். இதில் இல்லையே என்று ஒரு நொடி நின்றேன். அப்புறம் பேசினைக் கழுவிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வராந்தாவில் அம்மாக்காரி என் கையைப் பிடித்தாள்.

"யக்கா, எம்பொண்ணு குடிக்கலக்கா. தலையெல்லாம் பேனு. கல்யாணத்துல பொண்ணு தலைய சொறிஞ்சுக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்னு அவ அண்ணிதான் பருத்திக்கு அடிக்கிற மருந்துல மிச்சம் இருந்தத வெளக்கெண்ணெயில கொழச்சு நேத்துப் பொழுதோட தலையில வெச்சுக் கட்டிவுட்டா. எங்கூர்ல எல்லாரும் வெக்கிறதுதான். காலையில பாத்தா இப்பிடி."

"இத டாக்டர்கிட்ட சொல்றதுதானே?"

"போலீசுக்கு எழுதுவாங்களாமே. மருமவள புடிச்சுக்கிட்டுப் போயிட்டா? கைக்கொழந்தக்காரிக்கா அவ."

எத்தனை அம்மாக்கள் என் கையைப் பிடித்து "குடிக்கல" என்று சொல்லியிருக்கிறார்கள். சாமி மேல் சத்தியம் பண்ணியிருக்கிறார்கள். சாயங்காலம் உண்மை வெளியே வரும். எனக்குத் தெரியாதா?

"எங்கிட்ட எதுக்கும்மா கத சொல்ற? பொழச்சு எந்திரிக்கட்டும், அவளே சொல்லுவா" என்றேன். அவள் என் கையை விட்டுவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்குக் கண் மிளகுக்கு வந்தது. அக்குள் காய்ந்தது. டாக்டர் தலையை ஆட்டிவிட்டு ஓபிக்குப் போனார். வழியும் எச்சில் நெஞ்சுக்குள் இறங்காமல் இருக்கப் பெண்ணின் தலையை ஒருக்களித்துப் பிடிக்கச் சொல்லியிருந்தார்கள். என் மடியில் வைத்துப் பிடித்திருந்தேன். சும்மாடு பருமனுக்குக் கொண்டை. எண்ணெய் பிசுபிசுப்பு. அவிழ்ந்து முகத்தில் விழுந்ததை இரண்டு மூன்று தடவை அள்ளி முடிந்துவிட்டேன். நல்ல முடி.

ஒரு மணிக்கு டீ குடிக்க வெளியே போனேன். கேட்டருகே ஓர் அம்மாள் நின்றிருந்தார், கையில் சாத்துக்குடிப் பை.

"ஏங்க, காலையில மலைப்பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சாமே, எந்த வார்டுங்க?"

"மூணாம் கட்டிலா? மருந்து குடிச்ச கேஸு."

"குடிச்சுதா? ஒடம்பு சரியில்லனுதான் சொன்னாங்க."

"அப்பிடித்தான் சொல்லுவாங்க. பத்து நாள்ல கல்யாணமாம். புடிக்காத மாப்பிள்ளையா இருக்கும். நாங்க பாக்காததா?"

அந்த அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். அப்புறம் பையை என்னிடம் நீட்டினார். "இத அவங்கம்மாகிட்ட குடுத்துடுங்க." உள்ளே வராமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு நான் மறந்துபோனேன்.

இரண்டு மணிக்கு மூன்றாம் கட்டில் மறுபடி கடுகு. நெஞ்சில் கரகரவென்று சத்தம். டாக்டர் ஓடிவந்து ஊசி மேல் ஊசியாகப் போட்டார். மிளகுக்கு வந்தது. அரைமணி கழித்துத் திரும்பக் கடுகு. அட்டைப்பெட்டியில் ஊசிக் குப்பிகள் அடி தெரிய ஆரம்பித்தன. தர்மபுரிக்கு ஆள் அனுப்பியிருந்தது, வர நேரமாகும். சேலத்துக்கு ஏற்றினால் வழியிலேயே போய்விடுவாள்.

"வயித்தைத்தான் கழுவியாச்சே. எங்கேர்ந்து வந்துக்கிட்டே இருக்கு?" என்று டாக்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் பக்கத்தில் டார்ச்சோடு நின்றிருந்தேன். அவர் கேட்டதற்குப் பதில் காலையிலிருந்தே என்னிடம் இருந்தது. அது பதில் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்று மணி இருக்கும். பெண்ணின் தலையைத் திரும்ப மடியில் எடுத்தேன். மூக்கில் நீர் வடிந்தது, இடது புருவத்துக்கு மேல் ஒரு குத்தல்.

"சிஸ்டர், லைட்டப் போடுங்க. மழ வரும்போல, இருட்டிக்கிட்டு வருது."

"வெயில் கொளுத்துது ஆயாம்மா. தூக்கமா?"

ஜன்னலைப் பார்த்தேன். வலது கண்ணை மூடினேன். சாயங்காலம் ஆறரை மணி மாதிரி இருந்தது. அதைத் திறந்து இடது கண்ணை மூடினேன். வெள்ளை வெயில். ஒரு கண்ணில் மத்தியானம், ஒரு கண்ணில் சாயங்காலம்.

சிஸ்டர் அறையில் ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. அதன் முன்னால் நின்று டார்ச்சை என் முகத்தில் அடித்துக்கொண்டேன். வலது கண்ணில் மிளகு. இடது கண்ணில் கடுகு.

நான் ஒன்றும் குடிக்கவில்லை. காலையில் சாப்பிட்டது இரண்டு இட்லி. முடிந்த முடியை விட்ட கையோடு இடது கண்ணில் வேர்வையைத் துடைத்தது ஞாபகம் வந்தது. கையை முகர்ந்து பார்த்தேன். அந்த வாடை. பேசினில் இல்லாத வாடை என் விரலில் இருந்தது.

அந்த இடத்தில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்பதை உங்களிடம் மறைக்கமாட்டேன். ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. போய்ச் சொன்னால், காலையிலேயே தெரிந்ததை ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று நின்றேன். பாதி டாக்டர் என்று பேர் வாங்கியவள் அந்தப் பேரை நினைத்து நின்றேன். பக்கத்து அறையில் ஒரு பெண்ணுக்கு மூச்சு கரகரத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம்தான் என்னைத் தள்ளியது.

ஓபியில் கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

"சார், என் கண்ணப் பாருங்க."

"நாளைக்குப் பாக்கலாம் ஆயாம்மா. கூட்டத்தப் பாத்தீங்கல்ல."

"வலது மிளகு சார். இடது கடுகு."

எழுந்துவிட்டார். டார்ச்சை வாங்கி இரண்டு கண்ணிலும் அடித்தார். "எதத் தொட்டீங்க?"

"அவ தலைய."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், பேசினையும், அம்மா சொன்னதையும்.

"எப்ப சொன்னாங்க?"

"காலையில சார். பத்தரை."

என்னை ஒரு தடவை பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். அந்தப் பார்வை நான் ஓய்வு பெறுகிற வரை அந்த வாசலில் இருந்தது.

"கத்திரி எடுத்துக்கிட்டு வாங்க" என்று ஓடினார். "ரப்பர் உறை மாட்டிக்கோங்க. சவரக் கத்தி வேணாம், தோல்ல கீறல் பட்டா அது வழியா இன்னும் உள்ள போகும். ஒட்ட வெட்டிட்டு சோப்புப் போட்டு மூணு தடவ கழுவுங்க. புடவ ரவிக்கை எல்லாத்தையும் எடுத்துடுங்க."

கத்திரியைப் பார்த்ததும் அம்மாக்காரி கொண்டையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"பத்து நாள்ல மணவறையில உக்காரணும் சாமி. மொட்டத் தலையோட எப்பிடி உக்காருவா? நல்லாத் தேச்சுக் கழுவிடறேன், முடிய மட்டும் உட்டுடுங்க."

"எண்ணெயில ஊறினது தண்ணிக்குப் போகாதும்மா" என்றேன். "காலையில நீ சொன்னது நெசம். நான் நம்பல. இப்ப நான் சொல்றத நீ நம்பு. முடி வளரும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் இடது கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது, மருந்தால். அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, கையை எடுத்தாள். "வெட்டுங்க" என்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெட்டினேன். முழங்கை நீளத்துக்கு விழுந்தது. சவுரி கட்டிக்கொள்ளக் கொடுங்கள் என்று அம்மா கேட்டாள். கொடுக்க முடியாது, அதில் இருப்பது விஷம். ஒரு பழைய துணியில் சுற்றி வைத்தேன், பின்னால் குழி வெட்டிப் புதைக்க. தலையைக் கழுவினேன். கழுவும்போது அம்மா சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"மாப்பிள்ளையோட அம்மா சாத்துக்குடி வாங்கிக்கிட்டு மத்தியானமே வரேன்னு சொல்லி அனுப்பிச்சாங்க. இன்னும் காணோம். வேலயிருக்கும்போல."

சோப்பு நுரை கையில் இருக்க, கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். பை அங்கேதான் இருந்தது. பச்சையும் மஞ்சளுமாக ஆறு பழம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பவும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் மிளகு மிளகாகவே நின்றது. ஆறு மணி, ஏழு மணி, கடுகுக்குத் திரும்பவே இல்லை. தர்மபுரியிலிருந்து ஊசியும் வந்து சேர்ந்தது. பெண் பிழைத்துவிட்டாள் என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் காலை வேறு விதமாக விடிந்தது. முகம் சிவந்து, உடம்பு சுட, உதடு வறண்டு வெடிக்க, எழுந்து உட்கார்ந்துகொண்டாள். காற்றில் எதையோ கிள்ளிக் கிள்ளி எடுத்தாள். இல்லாத ஆளோடு பேசினாள். பேய் பிடித்துவிட்டது என்று அம்மாக்காரி பூசாரியைக் கூட்டிவரப் பஸ் ஏறிவிட்டாள். கையைக் காலைக் கட்டிப் போடலாம் என்றார் சிஸ்டர். நான் டார்ச் அடித்துப் பார்த்து, "கடலை" என்றேன்.

"பஞ்சு அதிகமாயிடுச்சு" என்றார் டாக்டர். "நேத்து விஷத்தோட மல்லுக்கட்டப் போட்ட ஊசி, இன்னிக்கு விஷம் கொறஞ்சதும் மிஞ்சி நிக்குது. நிறுத்தியாச்சு, தானா எறங்கும். கட்டாதீங்க, திமிறினா சூடு இன்னும் ஏறும். தெரிஞ்ச குரல் யாராவது பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே இருக்கணும்."

தெரிந்த குரல் யாரும் இல்லை, சித்தப்பாவும் முதல் நாளே வேனோடு திரும்பிவிட்டார். நான் இருந்தேன்.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே பெண்தான், ஒரே கட்டில்தான். முதல் நாள் விஷம் பேசியது, மறுநாள் மருந்து பேசியது. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் பைத்தியம் மாதிரித்தான் தெரியும். கண்ணைப் பார்க்காமல், அக்குளைத் தொடாமல், ஒரு முடிவுக்கு வராதீர்கள்.

ஈரத் துணியால் உதட்டை நனைத்துக்கொண்டு கட்டில் ஓரம் உட்கார்ந்தேன். அவள் கை என் தலைக்கு வந்தது.

"தலைய குடு. என்னாத்துக்கு இப்பிடி சொறியற?" என்று என் தலையைப் பிடித்து மடியில் சாய்த்துக்கொண்டாள். என்னை யார் என்று நினைத்தாளோ. வகிடு பிரித்துப் பிரித்துப் பேன் பார்த்தாள். எடுத்து, இரண்டு நகத்துக்கும் நடுவில் வைத்து நசுக்கினாள். ஒன்றும் இல்லாததை நசுக்கினாள்.

"இத்தினி ஈறு வெச்சுக்கிட்டு எப்பிடித் தூங்கற? உனக்குப் பாக்க வூட்ல ஆளில்லயா?"

"இல்ல கண்ணு."

"நான் இருக்கேன்ல. அசையாத."

நான் அசையவில்லை. என் அம்மா போன பிறகு என் தலையை யாரும் தொட்டதில்லை. இருபது வருஷம் இருக்கும். வார்டில் அத்தனை பேர் பார்க்க, நாற்பது வயதுப் பொம்பளை, நோயாளி மடியில் தலை வைத்துக் கிடந்தேன். டாக்டர் வந்தார், பார்த்தார், அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அப்படிக் கிடக்கும்போதே சொல்லிவிட்டேன். முகம் அவள் மடியில் இருந்ததால் சொல்ல முடிந்தது.

"உன் மாமியாகிட்ட நாந்தான் கண்ணு தப்பா சொல்லிட்டேன். நீ மருந்து குடிச்சன்னு."

கை நிற்கவில்லை. "பேனு கடிச்சா அப்பிடித்தான், வாயில என்னமாச்சும் வந்துடும். உடு" என்றாள். "இந்தப் பக்கம் திரும்பு."

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓய்வு. மாப்பிள்ளை வீடு மொரப்பூர் பக்கம். பஸ்ஸில் போய் இறங்கி, ரயில் பாதையைத் தாண்டி நடந்தேன். அந்த அம்மாள் வாசலில் புளி கொட்டி, கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"நான் அன்னிக்குச் சொன்னது தப்புங்க. அந்தப் பொண்ணு குடிக்கல. பேனுக்கு வெச்சது தலையில ஊறி உள்ள போயிருக்கு. டாக்டரும் அப்பிடித்தான் சொல்றாரு. அத என் வாயால சொல்லத்தான் வந்தேன்."

"அன்னிக்கும் உங்க வாயாலதான் சொன்னீங்க" என்றார்.

கோபமில்லை அந்தக் குரலில். ஒரு கொட்டையை எடுத்து ஒதுக்கினார்.

"நெசமாவே இருக்கட்டுங்க. நீங்க நல்லவங்க, இல்லாட்டி இவ்ளோ தொல வருவீங்களா? ஆனா நான் பத்து பேருகிட்ட சொல்லிட்டேன். அவங்க பத்து பேருகிட்ட சொல்லியிருப்பாங்க. வூடு வூடாப் போயி சொல்லுவீங்களா?"

"சொல்றேங்க" என்றேன். வீம்புதான்.

அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றேன். ஆஸ்பத்திரியில் இருந்து வருகிறேன் என்றதுமே அந்த வீட்டுக்காரி, "அந்த மருந்து குடிச்ச பொண்ணு இருக்குதா, போயிடுச்சா?" என்று கேட்டாள். அதற்கு மேல் எனக்கு நடக்க முடியவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

மணிச் சுவிட்சை உடம்பு தானாக ரிப்பேர் பண்ணிக்கொள்ளும் என்றார் டாக்டர். பச்சியம்மா உடம்பு பண்ணிக்கொண்டது. என் கண்கூட மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. கேட்டருகே நான் அழுத்தியது மட்டும் நிற்கவில்லை. அந்தக் கல்யாணம் நடக்கவில்லை.

எட்டாம் நாள் டிஸ்சார்ஜ். தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, சிஸ்டருக்குக் கும்பிடு போட்டாள், டாக்டருக்குக் கும்பிடு போட்டாள். அவள் தெளிந்ததிலிருந்து நான் அவள் பக்கம் போகாமல் அடுத்த வார்டு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். அன்று வாசலில் எதிரே வந்துவிட்டேன்.

"நீங்க யாருங்க?" என்று கேட்டாள்.

"இவங்கதான்டி உன் முடிய எடுத்தவங்க" என்றாள் அம்மா.

"அப்பிடீங்களா? எனக்கு ஒண்ணுமே நெனவில்லீங்க. பேனுக்கு மருந்து வெச்சதுதான் தெரியும். அப்புறம் கண்ணு முழிச்சா தலை லேசாக் கெடக்குது." துண்டுக்கு மேலே தடவிக்கொண்டு சிரித்தாள். "வளந்துடுங்க."

அந்த ஊசிக்கு அந்தக் குணம் உண்டு என்று டாக்டர் பிறகு சொன்னார். உச்சத்தில் இருக்கும் நேரத்தை மூளையில் எழுத விடாதாம். அவள் "உடு" என்று சொன்னதும் அந்த நேரத்தில்தான்.

அப்போது நான் மறுபடி சொல்லியிருக்க வேண்டும், தெளிந்த மூளையிடம், அம்மாவும் கேட்கிற மாதிரி. என்னால்தான் என்று. பஸ் நேரமாகிவிட்டது என்றாள் அம்மா. "பாத்துப் போங்க" என்றேன். அவர்கள் போனார்கள். பச்சியம்மா எங்கே இருக்கிறாள், பின்னால் யாருக்கு வாழ்க்கைப்பட்டாள், எனக்குத் தெரியாது. இருந்தால் அறுபதை நெருங்கியிருப்பாள்.

நீங்கள் பேசினைக் கவிழ்க்கும்போது முகர்ந்து பாருங்கள். முகர்ந்ததை அப்போதே போய்ச் சொல்லுங்கள், ஆயாதானே என்று யார் பார்த்தாலும் பார்க்கட்டும். கேட்டருகே யாராவது என்ன கேஸ் என்று கேட்டால் டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ள ஆன செலவை வேறொருத்தி கொடுத்தாள்.

இப்போது என் தலையில் முடி கொஞ்சம்தான். சில மத்தியானங்களில் வீடு ரொம்ப அமைதியாக இருக்கும்போது, யாரோ வகிடு பிரிக்கிற மாதிரி உச்சியில் ஒரு கூச்சம் வரும். நரம்பு செய்கிற வேலை என்று எனக்குத் தெரியும். கையைக் கொண்டுபோய்ச் சொறியமாட்டேன். அது போகிற வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருப்பேன்.